துவக்கும் தோற்கயிறும்

இந்நாட்டு யானை வேட்டையின் வரலாற்றை எழுதியவர்கள் துவக்குப் பிடித்த வெள்ளைக்காரர்களே. 1850களில் வேட்டைநூல் வெளியிட்ட சாமுவேல் பேக்கர், தனது 21 இறாத்தல் துவக்கின் குண்டளவையும் மருந்தளவையும் ஒரு தாய் பிள்ளையைப் பேசுவதுபோல் பேசுகிறார். மேஜர் ரோஜர்ஸ் சுட்டவை 1400க்கும் அதிகம் என்பர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. யானையைக் கொன்றால் அரசு சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகள் அழிந்தன என்கிறார் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட்.

அதே டெனன்ட் 1859இல் வெளிவந்த தமது நூலில் நம்மவரையும் குறிப்பிடுகிறார்: வடக்கு, வடகிழக்குச் சோனகக் கிராமங்களின் பணிக்கர்கள். அவர்கள் நம்பியது துவக்கையன்று, மரை அல்லது எருமைத் தோலில் முறுக்கிய கயிற்றை. அடிச்சுவடு பார்த்துக் காட்டுக்குள் போய், யானையின் பின்னே ஓசையின்றி நெருங்கி, பின்காலில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் பிணைத்துவிடுவார்கள். யானை உயிரோடு வரும். எனக்கு இதுதான் வேட்டை. தூர நின்று சுடுவதை அந்தச் சொல்லால் அழைக்க மனம் வருவதில்லை.

டெனன்ட் அவர்களின் துணிவை வியந்தார். ஆனால் ரோஜர்ஸுக்குக் கிடைத்ததுபோல் அவர்களுக்கு நூல்களில் பெயர் கிடைக்கவில்லை. பணிக்கர் என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஏறாவூரைச் சொல்வார்கள்; பெயர் கேட்டால் யோசிப்பார்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், மூத்தவாப்பாமாரிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். ஏழு பெயர்கள் வந்தன. இரண்டுக்கு ஊர் தெரியவில்லை.