விண்வெளி வியூக விளையாட்டுகள்

கணினித் திரையில் கிரகங்களையும் விண்கலப் படைகளையும் ஆளும் இவ்வகை விளையாட்டுகள், காலத்தைக் கையாளும் முறையால் இருவகைப்படும். கல்தரையில் கோடு கிழித்து, 3 புலிகளும் 15 ஆடுகளுமாக ஆடப்பெறும் ஆடுபுலி ஆட்டத்தைப் போல, ஒருவர் காய் நகர்த்தும் வரை மற்றவர் காத்திருப்பது முறைவழி ஆட்டம். 1993இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்', சாம்ராஜ்ய நிர்வாகத்தையும் கட்டமிட்ட களத்தில் நிகழும் யுத்தத்தையும் இம்முறையிலேயே நடத்துகிறது. காலம் இடையறாது ஓட, சிந்தனையும் கட்டளையும் ஒருங்கே நிகழ வேண்டுவது நிகழ்நேர ஆட்டம். கனடாவின் ரெலிக் நிறுவனம் 1999இல் படைத்த 'ஹோம்வேர்ல்டு', மேலும் கீழுமான திசைகளையும் போர்க்களமாக்கி, விண்வெளியின் ஆழத்தைப் பிரத்தியட்சமாக உணர்த்தியது. ஒரு கட்டத்தில் தப்பிய கலங்களே அடுத்த கட்டத்திற்கும் தொடர்ந்து வருவதால், சிறியதொரு வேவுக்கலம் அழிவதும் ஆடுபவரை மெய்யாகவே வருத்தும்.