ரன் பஞ்சத்தில் ஒரு பொங்கல்!

2019, மார்ச் 23. சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். மேட்ச். பெங்களூர் அணி 70 ரன்னில் சுருண்டுவிட்டது. அதை எட்டிப் பிடிக்க நம்ம சென்னைக்கும் 17.4 ஓவர் ஆனது. அன்று ராத்திரி பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறியிருந்தால் நீங்களே கேட்டிருப்பீர்கள்: 'என்னப்பா மேட்ச் இது... ஜெயிச்சும் போரடிச்சுதே! சிக்ஸர் பார்க்கத்தானே காசு குடுத்தோம்?'

அந்தப் பெட்டியில் அறுபதைத் தாண்டிய ரசிகர் யாராவது இருந்திருந்தால் மனசுக்குள் சிரித்திருப்பார். அவர் 1975 ஜனவரியின் பொங்கல் டெஸ்ட்டை அனுபவித்தவர்!

சென்னைக்கு டி.வி. வந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட் 15-ல்தான். டிக்கெட் கிடைத்தவர்கள் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மீட்டர்கேஜ் ரயிலேறி சேப்பாக்கம் போனார்கள். கிடைக்காதவர்களுக்கு டிரான்சிஸ்டரே துணை.

முதல் இரண்டு டெஸ்ட்களையும் வெஸ்ட் இண்டீஸிடம் தோற்று, கல்கத்தாவில் ஒன்றை ஜெயித்து, பட்டோடியின் அணி சென்னைக்கு வந்திருந்தது. இங்கே தோற்றால் தொடர் காலி. காயம்பட்ட கவாஸ்கரும் அணியில் இல்லை. எதிரே ஆண்டி ராபர்ட்ஸ். ஹெல்மெட் என்ற சமாச்சாரமே இல்லாத காலம். அவர் பந்து மூக்குக்கு நேரே வந்தால் எப்படியிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

64 ரன் கொடுத்து 7 விக்கெட்டைச் சாய்த்தார் ராபர்ட்ஸ். ஆனால், ஒரு முனையில் மட்டும் ஒரு குள்ள உருவம் அசரவில்லை. குண்டப்பா விஸ்வநாத். மற்றவர்களில் ஒருவர்கூட 20-ஐத் தொடாத அந்த இன்னிங்ஸில், மணிக்கட்டைச் சொடுக்கிச் சொடுக்கி அவர் ரன் சேர்த்தார். கடைசி ஆளாக வந்த சந்திரசேகர் அவுட் ஆனபோது இந்தியா 190. விஸ்வநாத் 97, நாட் அவுட். சதத்துக்கு மூன்றே ரன் பாக்கி!

190 ஒரு ஸ்கோரா? அங்கேதான் விஷயமே. பிரசன்னா சுழல ஆரம்பித்தார். பந்து மேலே மிதந்து வரும். இறங்கி வந்து அடித்துவிடலாம் என்று ஆசை காட்டும். பேட்ஸ்மேன் நம்பிக் காலை எடுத்து வைத்தால், நினைத்த இடத்துக்கு முன்னாலேயே பொத்தென்று விழுந்து திரும்பும். 5 விக்கெட். வெஸ்ட் இண்டீஸ் 192. வித்தியாசம் வெறும் 2 ரன். இப்போது புரிகிறதா, விஸ்வநாத்தின் ஒவ்வொரு ரன்னும் என்ன விலையென்று?

இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 256. கெய்க்வாட் 80. ராபர்ட்ஸுக்கு மேலும் 5 விக்கெட்! 255 எடுத்தால் வெற்றி என்று இறங்கிய வெஸ்ட் இண்டீஸ், 154-ல் அடங்கியது. பிரசன்னாவுக்கு இந்தத் தடவை 4. இந்தியாவுக்கு 100 ரன் வெற்றி. தொடர் 2-2!

அமெரிக்காக்காரர்களுக்கு பேஸ்பாலில் இந்த ருசி தெரியும். 1956 வேர்ல்ட் சீரிஸில் டான் லார்சன் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸ் தொடவிடாமல் பந்தெறிந்தார். அவர் அணி எடுத்ததும் இரண்டே ரன்தான். அந்த ஆட்டத்தை இன்னமும் கொண்டாடுகிறார்கள்.

கடைசி டெஸ்ட்டில் தோற்று 3-2 என்று தொடரை நாம் இழந்தது உண்மை. விஸ்வநாத் தன் டெஸ்ட் வாழ்க்கையில் மொத்தம் 14 சதம் அடித்தார். ஆனால், பழைய சேப்பாக்கம் ரசிகர் யாரையாவது விசாரித்துப் பாருங்கள். சதங்களை விட்டுவிட்டு, சதமாகாத அந்த 97-ஐத்தான் முதலில் சொல்வார்!