கல்லறைத் தோட்டத்துப் புதர்



சான்பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்தில் நின்று எடுத்த படங்களை உங்களில் சிலர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பாலத்துக்குப் போகும் சாலையில் நடந்த ஒரு வரலாறு இது.

பிரான்சிஸ்கன் மன்சனீட்டா என்பது ஒரு சிறு புதர்ச்செடி. மன்சனீட்டா என்றால் ஸ்பானிய மொழியில் குட்டி ஆப்பிள். பழம் அப்படி இருக்கும். நம் தை மாத வாக்கில் பூக்கத் தொடங்கும். கவிழ்த்த குடம் போன்ற சின்னஞ்சிறு பூக்கள், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. செர்பன்டைன் என்ற பச்சைப் பாறை தலைகாட்டும் மேடுகள்தான் இதன் வீடு. சுண்ணாம்புச்சத்து குறைந்து நிக்கல் மிகுந்த மண். மற்ற செடிகள் திணறிப்போகும். உலகத்திலேயே அந்த ஒரு நகரத்தில் மட்டும் இயற்கையாக வளர்ந்த செடி.

நகரம் பெருகி மேடுகளெல்லாம் வீடுகளானபோது இதற்கு இடம் கொடுத்தவர்கள் இறந்தவர்கள்தான்! லாரல் ஹில் போன்ற கல்லறைத் தோட்டங்களின் மூலைகளில் பிழைத்துக் கிடந்தது. 1905-இல் ஆலிஸ் ஈஸ்ட்வுட் அம்மையார் இதைத் தனி இனமாக விவரித்துப் பெயர் சூட்டினார். (மறு ஆண்டு பூகம்பத்தில் படிக்கட்டு இடிந்துபோன கட்டடத்தின் ஆறாம் மாடிக்குக் கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஏறி, ஏறத்தாழ 1,500 உலர்தாவர மாதிரிகளை மீட்டவர் அவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.)

நகருக்குள் அடக்கம் செய்ய ஏற்கெனவே தடை வந்திருந்தது. உடல்களைத் தோண்டி எடுத்து கொல்மா என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1947-இல் லாரல் ஹில்லில் புல்டோசர் ஓடியது. ஜேம்ஸ் ரூஃப் என்ற தாவரவியலார் முந்திக்கொண்டு செடியைத் தோண்டி எடுத்துப் பெர்க்லி மலைத் தோட்டத்தில் காப்பாற்றினார். இயற்கையில் இது அழிந்தேபோனது என்றுதான் அறுபது ஆண்டுகள் நினைத்திருந்தார்கள்.

2009-இல் பாலத்துச் சாலையைத் திருத்திக் கட்ட மரங்களை வெட்டினார்கள். அக்டோபரில் அந்த வழியாகக் காரில் போன டேனியல் க்ளூசன்கேம்ப் என்ற சூழலியலாளர், வாகனங்களுக்கு நடுவே ஒரு திட்டில் இந்தப் புதரைக் கண்டுகொண்டார். ஒரே ஒரு செடி!

2010 ஜனவரியில் சுமார் பத்து டன் மண்ணோடு பெயர்த்து, பிரசிடியோ பூங்காவில் நட்டார்கள். ஒரு புதருக்கு லட்சம் டாலருக்கு மேலா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. தோட்டங்களில் இருந்தவை ஒருசில செடிகளின் கிளைகளிலிருந்து வளர்த்தவை. இதுவோ காட்டில் தானே முளைத்துப் பிழைத்தது. வம்சம் தழைக்கக் கலப்பு வேண்டுமே.

2012-இல் அமெரிக்க அரசு இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. பெயர்த்து நட்ட இடத்தை மட்டும் வெளியே சொல்வதில்லை. பார்க்க வருகிறவர்கள் மிதித்தே கெடுத்துவிடுவார்கள் என்ற பயம்.