சங்கு ஊதிய காலம் முதல் டாஸ்க் ஷெட்யூலர் வரை



உங்கள் பிளாக்கில் படிக்கட்டு விளக்கு மாலையானால் தானாக எரிகிறதா? தண்ணீர் மோட்டார் விடியற்காலையில் யாரும் தொடாமலே ஓடுகிறதா? அப்படியானால் எங்கோ ஒரு டைமர் இருக்கிறது. அதில் யாரோ நேரம் வைத்திருக்கிறார்கள். நம் அசோசியேஷன் அலுவலகக் கம்ப்யூட்டரும் இதே மாதிரி வேலை செய்யும். 'இந்த நேரம் வந்தால் இந்த வேலை' என்று ஒரு முறை சொல்லி வைத்தால் போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக்காரர்களான நமக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. அது வந்த வழியைப் பார்த்தால், நாம் இன்று செய்ய வேண்டியதும் புரியும்.

ரயில் கொண்டு வந்த நேரம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நாம் இன்று சென்ட்ரலுக்குப் போய்வரும் அம்பத்தூர், ஆவடி பாதை அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. ரயில் வந்த பிறகு ஊருக்கு ஒரு நேரம் என்பது சரிப்படவில்லை. எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நேரம் காட்டும் கடிகாரம் தேவைப்பட்டது.

அந்த நேரத்தைத் தந்தது 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வுக்கூடம். 'மெட்ராஸ் நேரம்' கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே முழுக்க இதையே பின்பற்றியது. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய நேரமான ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. மெட்ராஸ் கடிகாரங்களுக்கும் அதற்கும் வித்தியாசம் 8 நிமிடம் 46 விநாடி.

சங்கும் சுவர் அறிவிப்பும்

சுதந்திரத்துக்குப் பிறகு நம் பகுதிக்குத் தொழிற்சாலைகள் வந்தன. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், பிறகு டன்லப் டயர் தொழிற்சாலை. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை; அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உருவானது. வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத நாட்களில் சங்குதான் எல்லோருக்கும் நேரம் சொன்னது. 'சங்கு ஊதியாச்சு' என்றால் ஷிப்டுக்குப் போகிறவர் மட்டுமல்ல, அடுப்பில் உலை வைப்பவரும் டீக்கடைக்காரரும் அசைந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

சங்கை விட முக்கியமான இன்னொன்றும் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், எந்த நாளில் எந்த நேரத்தில் யாருக்கு வேலை என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னது. அதுவும் பிரதான வாசலில் அல்லது அதன் அருகில்; ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும். நேரப் பட்டியல் மேனேஜரின் மேஜை டிராயருக்குள் பூட்டி வைப்பதற்கல்ல என்பதே அதன் பொருள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கம்ப்யூட்டருக்கு வந்த பட்டியல்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு 1979-ல் வெளிவந்தது. அதில் 'கிரான்' என்ற சிறு நிரல் இருந்தது. அது நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து ஒரு பட்டியலைப் பார்க்கும். நேரம் வந்த வேலையைச் செய்துவிட்டுத் தூங்கும். நல்ல வாட்ச்மேன்தான். ஆனால் பட்டியலை எழுத வேண்டிய விதம் கடினம்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து எண்களும் நட்சத்திரக் குறிகளும். தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். பட்டியல் மறுபடி டிராயருக்குள் போய்விட்டது.

அதை வெளியே கொண்டு வந்தது மவுஸால் இயக்கும் திரைதான். 1995-ல் விண்டோஸ் 95-க்குத் தனியாக விற்ற 'பிளஸ்' தொகுப்பில் 'சிஸ்டம் ஏஜென்ட்' வந்தது. விண்டோஸ் 98-ல் அந்த வசதி உள்ளேயே சேர்ந்தது. இன்று அதன் பெயர் டாஸ்க் ஷெட்யூலர். லினக்ஸிலும் கிரான் பட்டியலைத் திரையில் காட்டும் கருவிகள் உண்டு. எண்கள் போய், காலண்டரும் கட்டங்களும் வந்தன. வங்கியில் படிவம் நிரப்பத் தெரிந்தவர் இதையும் நிரப்பலாம்.

நம் அலுவலகத்துக்கு என்ன பயன்?

மெயின்டெனன்ஸ் வரவு, கார்பஸ் நிதி, ஏ.எம்.சி. ரசீதுகள், வீட்டு உரிமையாளர் விவரம் எல்லாம் பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். அந்த அறையோ தரைத்தளத்தில் இருக்கும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வெள்ளம் வந்தது என்பதற்காக அந்தக் கடமை போய்விடாது.

எனவே முதலில் வைக்க வேண்டிய வேலை பேக்அப். டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து 'கிரியேட் பேசிக் டாஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'தினக் கணக்கு நகல்' என்பது போல் புரியும் பெயர் கொடுங்கள். 'டிரிக்கர்' பகுதியில் தினமும் மாலை 6 மணி என்று வையுங்கள். 'ஆக்ஷன்' பகுதியில், கணக்கு ஃபோல்டரை வெளி டிரைவுக்கு நகலெடுக்கும் கட்டளையைக் கொடுங்கள். விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி இதற்குப் போதும்.

இதோடு விட்டுவிடாதீர்கள். 6 மணிக்குக் கரன்ட் இல்லையென்றால் அன்றைய வேலை நடக்காது. ஆகவே 'செட்டிங்ஸ்' பக்கத்தில், நேரம் தவறிய வேலையை முடிந்த அளவு சீக்கிரம் செய் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். லேப்டாப் என்றால் 'கண்டிஷன்ஸ்' பக்கத்தையும் பாருங்கள். சார்ஜரில் இருந்தால் மட்டும் ஓடு என்று ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும்.

'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பகுதியில் பூஜ்யம் என்றால் பொதுவாக நலம். ரோபோகாப்பி புதிய ஃபைல்களை நகலெடுத்து முடித்தால் 1 என்று காட்டும், பயப்பட வேண்டாம். ஆனாலும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மாதம் ஒரு முறை நகலிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். வாரம் ஒரு முறை அந்த டிரைவ் மேல்மாடியில் உள்ள ஒரு கமிட்டி உறுப்பினர் வீட்டுக்குப் போகட்டும்.

வாசலில் ஒட்டுவோம்

கமிட்டி மாறும், டிரஷரர் மாறுவார். அவர் பெயரிலுள்ள லாகினில் வைத்த வேலை, பாஸ்வேர்டு மாறினால் சத்தமில்லாமல் நின்றுபோகக்கூடும். தேவையில்லாத பழைய வேலை, யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டும் இருக்கலாம். சங்கு ஊதவில்லை என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் வேலை நின்றால் யாருக்கும் தெரியாது.

இதற்கு மருந்து 1948-லேயே எழுதப்பட்டுவிட்டது. எந்த வேலை, எந்த நேரம், யார் பெயரில், கடைசியாகச் சரிபார்த்தது யார், எப்போது என்று ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம். அடுத்த முறை லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அந்தத் தாளை ஒரு பார்வை பாருங்கள். சரிபார்த்த தேதி பழையதாக இருந்தால், தயங்காமல் செகரட்டரியிடம் கேளுங்கள்.