கலக்கணக்கில் கருணை

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலின் தன்வந்திரி சந்நிதிக்குப் பின்னால் ஓர் ஆரோக்கியசாலையின் வரலாறு இருக்கிறது. போசள மன்னன் இராமநாதன் காலத்தில் எழுந்த அந்தச் சாலை படையெடுப்பில் சிதைந்தது. சக ஆண்டு 1415இல், அதாவது கி.பி. 1493இல், கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலின் வரலாறு சொல்லும் கோயிலொழுகு மரபு இன்னும் துணிச்சலானது. தயிரன்னத்தோடு நாவற்பழம் சேர்ந்து பெருமாளுக்கே உடம்புக்கு ஆகவில்லை என்றும், இராமானுசர் இரவுதோறும் கஷாயம் சமர்ப்பிக்க ஏற்பாடு செய்தார் என்றும் சொல்கிறது. கதைதான், ஆனாலும் பெருமாளை நோயாளியாகப் பார்த்த இந்த ஊர், பரிவை மனப்போக்குக்கு விடாமல் அன்றாடக் கைங்கரியமாக்கியது என்பது கவனிக்கத் தக்கது.

அப்படிப்பட்ட சாலைக்குள் நோயாளியின் அருகே இருந்தது யார்? பதில் வேறொரு கோயிலூரான திருமுக்கூடலில் இருக்கிறது. வீரராஜேந்திர சோழனின் 1069ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையை விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், நாவிதர் ஆகியோருடன், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய இரண்டு பெண்களும் உண்டு. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். அந்தப் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம். ஒருத்திக்கு மருத்துவரின் நெல்லில் ஆறில் ஒரு பங்கு என்பது இன்றைக்கும் பழகிய கணக்குதான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் உபயகாரர்களாகவோ தொண்டர்களாகவோ எழுதப்படவில்லை. ஆள்கணக்கும் நெல்கணக்கும் கொண்ட பணியாளர்களாகவே எழுதப்பட்டார்கள். இரவு முழுவதும் எரியும் ஒரு விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது. கருணைக்கு நிபந்தம் வேண்டும் என்பதை அந்தக் கல் அறிந்திருந்தது.

நெல்லை அளந்தால் அன்பு வந்துவிடுமா, அது பிறவிக் குணமல்லவா என்று கேட்கலாம். ஆயுர்வேத ஆசான் சரகர் பணிவிடை செய்வோருக்குச் சொன்ன நான்கு குணங்களில் அன்பும் உண்டு. ஆனால் பணியறிவும் திறமையும் தூய்மையும் அதோடு சேர்ந்தே நிற்கின்றன. குறளின் மருந்து அதிகாரமும் நோயாளியின் அருகிருந்து பணி செய்யும் உழைச்செல்வானை மருத்துவனோடு வைத்து எண்ணுகிறதே தவிர, அவனைத் தெய்வமாக்கவில்லை. நமக்குத்தான் அந்த ஆசை. வார்டில் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடப்படுபவருக்கு, சங்கப் பாடலின் வளர்ப்புத் தாய்க்கு உரிய ‘செவிலி’ என்ற பெயரைச் சூட்டினோம். அழகான சொல்தான், தாய் சம்பளம் கேட்க மாட்டாள் என்ற எண்ணம் அதன் அடியில் ஒளிந்திருப்பதுதான் ஆபத்து. வேலையில் மகிழ்ச்சி வேண்டும் என்று அவருக்குப் போதிப்பவர்கள், ஓர் இரவில் எத்தனை கட்டில்களை அவர் தனியாகப் பார்க்கிறார் என்று முதலில் எண்ணட்டும். ஒருவரின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பேசி, அவர் வலி தணிவதைப் பார்க்கும் நிறைவு கிடைப்பதற்கு அந்த ஐந்து நிமிடம் இருக்க வேண்டுமே!

திருமுக்கூடல் சாலை கோயில் பணியாளர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்குமே உரியது, ஊருக்கெல்லாம் அல்ல என்ற குறை நியாயமானது. அந்தக் கருணையின் எல்லை குறுகியதுதான். ஆனால் அந்த எல்லைக்குள் படுத்திருந்த 15 பேருக்கு, நடுச்சாமத்தில் தண்ணீர் கேட்டால் கொடுக்க ஒருத்தி இருந்தாள். அவள் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சமும் இருந்தது.