தோள் தழும்பு பிறந்த கதை

குழந்தை பிறந்ததும் இடது தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். தோலுக்குள்ளேயே மருந்து ஏற்றுவதால் கொசு கடித்தாற்போல் ஒரு தடிப்பு எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். வீட்டார் அதை மறந்தே போயிருப்பார்கள். சில வாரம் கழித்து அதே இடத்தில் பரு கிளம்பும். சிவந்து, பழுத்து, உடைந்து, பொருக்குத் தட்டும். பாட்டிமார் பதறிப்போய் மஞ்சள் அரைக்கக் கிளம்புவார்கள். “ஒண்ணும் தடவாதீங்கம்மா, தானா ஆறிடும்” என்பார் செவிலியர். அவர் சொல்வதுதான் சரி. அந்தப் புண் குழந்தையின் உடம்பே செய்யும் வேலை.

காசநோய்க் கிருமியோடு சண்டை போடுவது லேசல்ல. மெழுகு பூசினாற்போன்ற கொழுப்பு உறை அதற்கு. கிருமிகளை விழுங்கிக் கொல்லும் மேக்ரோபேஜ் அணுக்கள் இதையும் விழுங்கும். இதுவோ சாகாமல் அந்த அணுவுக்குள்ளேயே குடியேறிவிடும். டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரந்தால்தான் மேக்ரோபேஜுக்கு உள்ளிருப்பதைக் கொல்லும் பலம் வரும். அதற்கு டி அணுக்கள் கிருமியை முன்பே அடையாளம் கண்டுவைத்திருக்க வேண்டும். சாதுவான ஓர் உறவுக்காரக் கிருமியைக் காட்டி அவற்றைப் பழக்குவதே பி.சி.ஜி.

அந்தச் சாதுக் கிருமி பிரான்ஸின் லீல் நகரத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்கள் இருவர். ஆல்பர்ட் கால்மெட் மருத்துவர். நல்லபாம்புக் கடிக்கு முறிமருந்து கண்டவரும் அவரே. காமில் கெரான் கால்நடை மருத்துவர். 1908-இல் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கிளிசரின் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். கிருமிகள் கட்டிகட்டியாகத் திரண்டதால் மாட்டுப் பித்தநீரையும் சேர்த்தார்கள். அந்தப் பித்தநீரில் வளர வளரக் கிருமியின் கொடுமை தணிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மன் படை லீல் நகரைப் பிடித்து வைத்திருந்த நாட்களிலும் அந்த வேலை நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை! விஞ்ஞானத்தில் பொறுமை என்றால் எனக்கு இந்த உருளைக்கிழங்குத் துண்டுகள்தான் நினைவுக்கு வரும்.

1921-இல், பெற்ற தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பாரிஸ் சிசுவுக்கு முதன்முதலாக வாய்வழியே அதைப் புகட்டினார்கள். 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், மருந்து தயாரித்த இடத்தில் உண்மையான நோய்க்கிருமி கலந்துவிட, 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. பழி மருந்தின் மேல் விழுந்தது, விலக நாளானது.

1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் வந்தது. இதை ஊர் முழுக்கப் போடக்கூடாது என்று 1955-இல் ராஜாஜி ஒரு சிறுநூலே எழுதினார். உண்மையில் இது எவ்வளவு காக்கும் என்ற கேள்விக்கு விடை தேடி, 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மாபெரும் ஆய்வு தொடங்கியது. சுமார் 2.8 லட்சம் பேர் கை நீட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி., மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. இதே மருந்து பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் காசநோயைத் தடுத்திருந்தது. செங்கல்பட்டில்? பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவே இல்லை. 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தும் அதே முடிவு.

இந்த முடிவை ஒளிக்காமல் உலகுக்குச் சொன்னவர்களை நான் வணங்குகிறேன். மருந்து ஒன்று, உடம்பு வேறா என்ற கேள்வி அதன் பிறகே வலுத்தது. விடையின் ஒரு பகுதி நம் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. வெப்பநாடுகளின் சேற்றிலும் குளத்திலும் அதே குடும்பத்துக் கிருமிகள் ஏராளம். வயலில் இறங்கி, குளத்தில் குளித்து வளரும் பிள்ளையின் டி அணுக்களுக்கு அவை முன்பே பழக்கம். ஆப்பிரிக்காவின் மலாவி இளைஞர்களையும் பிரிட்டன் இளைஞர்களையும் ஒப்பிட்டபோது, மலாவியில் பலரின் ரத்தம் ஊசிக்கு முன்பே இன்டர்ஃபெரான் காமா சுரந்தது. ஊசிக்குப் பின் பெரிதாகக் கூடவில்லை. பிரிட்டனில் நன்றாகக் கூடியது. அதே மலாவியில் பி.சி.ஜி. தொழுநோயைப் பாதிக்குப் பாதி குறைத்தது என்பது இன்னொரு வியப்பு. மண்கிருமிகளே முழு விடை என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் பிறந்த குழந்தையின் உடம்பு இன்னும் மண்ணை அறியாது. மூளைக் காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்தும், உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் பி.சி.ஜி. குழந்தைகளை நன்றாகவே காக்கிறது. அதனால் பிறந்ததும் போட்டுவிடுங்கள். தவறியிருந்தால் ஒரு வயதுக்குள் போடலாம். பெரியவர்களோ தோளில் தழும்பு இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.