டேகுக்கு அடியில் ஜாவா

கோல்டுஃப்யூஷன் கோடு எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். அந்த மொழி இன்றும் உயிரோடு இருப்பதற்கு 2002-இல் நடந்த மாற்றமே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

1995-இல் ஜெரமி அல்லேர், ஜே.ஜே. அல்லேர் சகோதரர்கள் அமெரிக்காவில் அதை வெளியிட்டபோது, டேட்டாபேஸில் இருப்பதை வெப் பக்கத்தில் காட்டுவதுதான் நோக்கம். ஹெச்டிஎம்எல் தெரிந்தவர் சிஎஃப்குவெரி டேகுக்குள் ஒரு எஸ்க்யூஎல் வரியைப் போட்டு, சிஎஃப்அவுட்புட்டில் விடையைக் காட்டிவிடலாம். டேகில் இல்லாத வேலை வந்தால்தான் திண்டாட்டம். சி++ தெரிந்த ஒருவரைப் பிடித்து சிஎஃப்எக்ஸ் டேக் எழுத வைக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸின் காம் ஆப்ஜெக்டுகளை நம்ப வேண்டும்.

1999-இல் வந்த 4.5 பதிப்பு ஜாவா ஆப்ஜெக்டுகளையும் அழைக்க விட்டது. ஆனால் சர்வர் அப்போது சி++-இல் எழுதப்பட்டிருந்தது. ஜாவா அங்கே வெளியாள்தான். அதே ஆண்டு அல்லேர் நிறுவனம் ஜேரன் என்ற ஜாவா சர்வரை வாங்கியது. 2001-இல் அல்லேரை மேக்ரோமீடியா வாங்கியது. மறு ஆண்டே கோல்டுஃப்யூஷன் எம்எக்ஸ் வந்தது: முழு சர்வரும் ஜாவாவில் புதிதாக எழுதப்பட்டிருந்தது. நாம் எழுதும் ஒவ்வொரு பக்கமும் ஜாவா கிளாஸாக கம்பைல் ஆனது.

அதன் பலனை அன்றாடம் அனுபவித்தோம். பெரிய ரிப்போர்ட்டை லூப்பில் வரி வரியாக ஒட்டினால், ஜாவா ஸ்ட்ரிங்கை மாற்ற முடியாது என்பதால் ஒவ்வொரு தடவையும் புது ஸ்ட்ரிங் உருவாகும், பக்கம் நகராது. கிரியேட்ஆப்ஜெக்ட் ஃபங்ஷனால் ஜாவாவின் ஸ்ட்ரிங்பஃபரை எடுத்து, அப்பெண்ட் செய்துகொண்டே போனால் வேலை மளமளவென்று முடிந்துவிடும்.

இரண்டு மொழிகளும் உரசிய இடங்களும் உண்டு. கோல்டுஃப்யூஷனின் மொழியான சிஎஃப்எம்எல்லில் 10 என்பது எண்ணாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். ஸ்ட்ரிங்பஃபரை உருவாக்கும் இனிட்டுக்கு அதைக் கொடுத்தால், பத்து எழுத்துக்கு இடமா, ‘10’ என்ற எழுத்தா? ஜாவாகாஸ்ட் போட்டு நாம்தான் சொல்ல வேண்டும். ஜாவாவின் பஃபர்டுரீடரால் ஃபைலைப் படிக்கும்போது, ஃபைல் தீர்ந்ததும் ரீட்லைன் நல், அதாவது ‘ஒன்றுமில்லை’ என்று தரும். சிஎஃப்எம்எல்லில் அப்போது நல் கிடையாது. அதனால் விடையை வைத்த வேரியபிளே காணாமல் போகும். அது இருக்கிறதா என்று இஸ்டிஃபைண்டில் பார்த்துத்தான் லூப்பை நிறுத்துவோம்.

இந்தச் சில பழக்கங்கள் கைவந்தவருக்கு ஜாவா உலகம் எழுதிக் குவித்த லைப்ரரிகள் எல்லாம் சொந்தமாயின. லைப்ரரியின் ஜார் ஃபைலை வெப்-இன்ஃபின் லிப் ஃபோல்டரில் வைத்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போதும். பின்னர் அதே மொழியை ஓட்ட வந்த ரைலோ, லூசி என்ற சர்வர்களும் ஜாவாவின் மேலேயே நின்றன. எல்லா வேலைக்கும் ஒரு டேக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் அந்த மொழி தன் எளிமையை இழந்திருக்கும். எளிமையை டேகில் வைத்துக்கொண்டு பலத்தை ஜாவாவிடம் வாங்கிக்கொண்டதால் இரண்டும் அதற்குத் தங்கின.